223 றைபிளுக்கு வீட்டில் ரவை செய்வது: எது துல்லியம் தரும், எது தராது

கந்தளாயில் வயல் செய்யும் ஒரு தம்பியின் கேள்வி இது. அவருடைய மச்சான் அவுஸ்திரேலியாவில், நியூ சவுத் வேல்ஸ் பக்கம் ஒரு பண்ணையில் இருக்கிறார். முயலும் நரியும் சுட 223 றைபிள் வைத்திருக்கிறார். கடை ரவையை வாங்காமல், சுட்டு முடிந்த வெற்றுக் கோதுக்குள் தானே மருந்து நிரப்பிச் செய்கிறாராம். நூறு யார் தூரத்தில் மூன்று வெடியும் ஓர் ஐந்து ரூபாய்க் குற்றிக்குள் அடங்குமாம். "இது உண்மையா, எப்படி நடக்கிறது? இங்கே பன்றிக்கும் குரங்குக்கும் அப்படிச் செய்ய ஏலுமா? மச்சான் மார்கழியில் வரும்போது அந்தச் சாமான்களைக் கொண்டுவரச் சொல்லவா?"

முதலாவது உண்மைதான், ஆனால் மூன்று வெடி என்பதில் எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. இரண்டாவதுக்கு ஏலாது என்பதே பதில். மூன்றாவதைக் கடைசியில் சொல்கிறேன். நானும் நியூ சவுத் வேல்ஸின் றிவரினாப் பக்கம் சில வருடங்கள் கோதுமைப் பண்ணையில் வேலை செய்துவிட்டுத் திருகோணமலைக்குத் திரும்பியவன். அங்கே இந்த வேலையைக் கையால் செய்து பழகியதால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

நம் ஊரில் எல்லாவற்றையும் ரவை என்றே சொல்லிவிடுவோம். இங்கே பிரித்துச் சொன்னால்தான் விளங்கும். பறந்து போகும் முனையைச் சன்னம் என்கிறேன். பித்தளைக் கூடு கோது. அதன் அடியில் தீ மூட்டும் சின்னக் கிண்ணம் பிரைமர். உள்ளே எரிவது மருந்து. நான்கும் சேர்ந்தது ரவை.

பூச்சி பீடை என்று பண்ணைக்காரர் சொல்லும் சின்ன விலங்குகளுக்கென்றே ஒரு வரிசைக் குழல்கள் உண்டு. 1935இல் வந்த 220 சுவிஃப்ட், 1950இல் வந்த 222 றெமிங்டன், 1964இல் வந்த 223, அடுத்த வருடம் கம்பனித் தயாரிப்பாக வந்த 22-250 எல்லாம் அந்த வரிசைதான். இவை எல்லாவற்றிலும் சன்னத்தின் விட்டம் 5.7 மில்லிமீற்றர் அளவுதான். எடை 40 முதல் 55 கிறெயின். ஒரு கிறெயின் என்றால் 65 மில்லிகிராம். ஆகவே மூன்று கிராம் அளவான ஒரு சிறு துண்டை செக்கனுக்கு 3,200 அடி, சிலவற்றில் 4,000 அடி வேகத்தில் விடுகிறோம். முயலின் தலை எவ்வளவு பெரிது என்று உங்களுக்குத் தெரியும். இருநூறு யாரில் அதைத் தவறாமல் பிடிக்க வேண்டும் என்பதால்தான் இந்தத் துல்லியப் பைத்தியம் வருகிறது. 1859இல் தோமஸ் ஒஸ்டின் என்ற ஒரு கனவான் வேட்டை ஆசைக்காக இங்கிலாந்திலிருந்து இருபத்துச் சொச்சம் முயலை விக்டோரியாவுக்கு இறக்கினார். மச்சான் இன்றைக்கும் அந்தக் கடனைத்தான் கட்டிக்கொண்டிருக்கிறார்.

கடை ரவை மோசமானது என்று நினைக்க வேண்டாம். கம்பனி அதை உலகத்தில் உள்ள எல்லா 223 குழலுக்கும் பொருந்தும்படி செய்ய வேண்டும். மச்சான் ஒரே ஒரு குழலுக்குச் செய்கிறார். வித்தியாசம் முழுக்க அதில்தான் இருக்கிறது. ஒருமுறை சுட்ட கோது அந்தக் குழலின் சேம்பர், அதாவது ரவை உட்காரும் அறை, அளவுக்கே விரிந்து பதிந்திருக்கும். அதைத் திரும்ப டை என்ற உருக்கு அச்சுக்குள் விட்டு அழுத்தும்போது முழுவதுமாக நசுக்காமல், கோது கழுத்தை நோக்கிச் சுருங்கும் தோள்பட்டையை ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒன்றோ இரண்டோ பங்கு மட்டும் பின்னுக்குத் தள்ளினால் போதும். குழலின் பின்பக்கத்தை மூடும் போல்ட் இலகுவாக மூடும், கோதும் சேம்பருக்குள் ஆடாமல் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் உட்காரும். கழுத்தை மட்டும் அழுத்தினால் போதும் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். இரண்டு மூன்று தடவை சுட்ட பிறகு போல்ட் இறுகத் தொடங்கும், அப்போது அந்த யோசனையைக் கைவிடுவார்கள்.

அடுத்தது சன்னம். என் அனுபவத்தில் ஒரு ரவையின் துல்லியத்தில் பெரும்பங்கு இதுதான், மீதி எல்லாம் சில்லறை. நல்ல சன்னம் என்றால் விலை உயர்ந்தது என்றில்லை, உங்கள் குழலின் புரிக்கு, அதாவது சன்னத்தைச் சுழல வைக்கும் உள் வெட்டுக்கு, ஏற்றது. பழைய 22-250 குழல்களில் 14 அங்குலத்துக்கு ஒரு சுற்று. அது 55 கிறெயின் வரை நன்றாகப் பிடிக்கும், நீளமான பாரச் சன்னத்தைக் கொடுத்தால் தாளில் குறுக்காக விழும். இங்கே கணக்கு நீளத்தில்தான், எடையில் அல்ல. மறுபக்கமும் உண்டு. 9 அங்குலத்துக்கு ஒரு சுற்று உள்ள குழலில் 3,200 அடி வேகத்தில் போகும் சன்னம் நிமிடத்துக்கு 256,000 தடவை சுழல்கிறது. முயலுக்கென்று மெல்லிய மேலுறையோடு செய்த சன்னத்தை மிக வேகமான குழலில், மிக இறுக்கமான புரியில் விட்டால் பாதி வழியில் அது சிதறிப்போவதும் உண்டு. தாளில் ஓட்டையே இருக்காது. புதிதாகத் தொடங்கியவர்கள் குறி தவறியது என்று நினைத்துத் தொலைநோக்கியைத் திருகிக்கொண்டிருப்பார்கள்.

சன்னத்தை எவ்வளவு ஆழத்தில் உட்கார வைப்பது என்பது மூன்றாவது. குழலில் புரி தொடங்கும் இடத்துக்கும் சன்னத்தின் தோளுக்கும் இடையே ஒரு சிறு தாவல் இருக்கும். சில சன்னங்கள் அந்த இடைவெளியை நெருக்கமாக விரும்பும், சில அரை மில்லிமீற்றருக்கு மேல் தாவினாலும் கவலைப்படாது. இதைச் சன்னத்தின் நுனியிலிருந்து அளக்கக் கூடாது. ஒரே பெட்டியில் உள்ள சன்னங்களின் நுனியே ஒன்றுக்கொன்று வித்தியாசப்படும். காலிப்பரில் ஒரு சின்ன வளையத்தை மாட்டி, சன்னத்தின் வளைவு புரியைத் தொடும் அந்த விட்டத்திலிருந்து அளப்பார்கள். ரவைகளை அடுக்கி வைக்கும் மெகசினுக்குள் ரவை நுழைய வேண்டும் என்ற எல்லையும் உண்டு. பல கடைத் துவக்குகளில் புரியை நெருங்கும் முன்பே மெகசின் தடுத்துவிடும். அப்போது அதற்குள் எது நல்லது என்று பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

மருந்து. 223 கோதுக்குள் போவது ஒன்றரைக் கிராமுக்குச் சற்று மேல். நல்ல தராசு 0.1 கிறெயின் வரை காட்டும், அதாவது ஆறரை மில்லிகிராம். 223இல் அந்த ஒரு புள்ளி மாறினால் வேகம் பத்து அடி அளவு மாறும். 22 ஹோர்னெட் போன்ற குட்டிக் கோதில் அதே ஒரு புள்ளி மொத்த மருந்தில் கிட்டத்தட்ட ஒரு சதவீதம், அதனால் அங்கே கை இன்னும் நிதானமாக இருக்க வேண்டும். நீளக் குச்சி போன்ற மருந்து அளவைக் குழாயில் சிக்கிச் சிக்கி விழும், ஒவ்வொன்றையும் நிறுப்பதே நல்லது. உருண்டை மருந்து மணல் மாதிரி ஓடும். மச்சானுக்கு ஒரு வசதி, நியூ சவுத் வேல்ஸின் முல்வாலாவிலேயே மருந்துத் தொழிற்சாலை இருக்கிறது. அங்கே ஏஆர் 2208 என்று விற்பதைத்தான் அமெரிக்காவில் வார்கெட் என்ற பெயரில் விற்கிறார்கள். வெயிலுக்கும் குளிருக்கும் அதிகம் மாறாத மருந்து என்று அதற்குப் பெயர். ஆனாலும் அங்கத்தைய ஜூலைக் குளிரில் சோதித்துப் பார்த்த ரவையை ஜனவரியில் 40 பாகை வெயிலில் வண்டியின் முன்பக்கத்தில் போட்டு வைத்துவிட்டுச் சுட்டால் அழுத்தம் ஏறும். இதைக் கவனிக்காதவர்கள் நிறையப் பேர்.

எத்தனை கிறெயின் போடுவது என்று நான் இங்கே எழுதமாட்டேன். அதை மருந்துக் கம்பனியின் அச்சிட்ட கையேட்டிலிருந்துதான் எடுக்க வேண்டும். அதுவும் அதே சன்னத்துக்கும் அதே மருந்துக்கும் உரிய பக்கத்திலிருந்து. கையேட்டின் தொடக்க அளவிலிருந்து தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற வேண்டும். 223க்கு அமெரிக்கத் தரம் வைத்திருக்கும் உச்ச அழுத்தம் 55,000 பிஎஸ்ஐ. உங்கள் கார் டயரில் இருப்பது முப்பது சொச்சம். அந்த அழுத்தம் உங்கள் கண்ணிலிருந்து ஒரு சாண் தூரத்தில் எழும்புகிறது. போல்ட் தூக்க மறுத்தால், பிரைமர் தட்டையாகிப்போனால், கோதின் அடியில் பளபளவென்று ஒரு தழும்பு தெரிந்தால் அங்கேயே நிறுத்திக் கீழே இறங்க வேண்டும். மேசையில் எப்போதும் ஒரே ஒரு மருந்து டப்பா. பேசிக்கொண்டே நிரப்பக் கூடாது. வேலை முடிந்தால் கை கழுவிவிட்டுத்தான் தேத்தண்ணி. பிரைமரில் ஈயம் இருக்கிறது, கோது தேய்க்கும் தூசியிலும் அது இருக்கும்.

இனி அந்த மூன்று வெடி வழக்கு. இந்த வேலையில் ஆட்கள் தங்களையே ஏமாற்றிக்கொள்ளும் இடம் இதுதான் என்பதால் இதில் கொஞ்சம் நிற்கிறேன்.

வழமையாக என்ன செய்வார்கள்? ஐந்து விதமான மருந்து அளவில் மூன்று மூன்று ரவை செய்வார்கள். ஐந்து தாளில் சுடுவார்கள். எந்தத் தாளில் மூன்று ஓட்டையும் நெருங்கி இருக்கிறதோ அதுதான் இந்தத் துவக்குக்குப் பிடித்த அளவு என்று பெட்டியில் எழுதிவிடுவார்கள். அந்தத் தாளைப் படம் எடுத்துக் குடும்பக் குழுவுக்கும் அனுப்பியிருப்பார்கள். ஐந்து தாளிலும் ஒரே அளவு மருந்தைப் போட்டுச் சுட்டிருந்தாலும் ஒரு தாள் மற்றதை விட நெருக்கமாகத்தான் இருந்திருக்கும். அதிர்ஷ்டத்துக்குப் பெயர் வைத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

கணக்கைப் பாருங்கள். அதே துவக்கு, அதே ரவை, மூன்று வெடிக் கூட்டம் சராசரியாக 15 மில்லிமீற்றர் வந்தால், பத்து வெடிக் கூட்டம் சராசரியாக 24 மில்லிமீற்றர் வரும். துவக்குக்கு ஒன்றும் நடக்கவில்லை, வெடி கூடக் கூட ஓரத்தில் விழும் ஒன்று வந்து சேரும். ஆகவே ஐந்து ரூபாய்க் குற்றி உண்மை, ஆனால் மச்சானின் நல்ல நாளின் உண்மை. பத்து வெடியும் அந்தக் குற்றிக்குள் விழுந்தால் நானே போய்க் கைகொடுப்பேன்.

வேகத்தை அளக்கும் குரோனோகிராஃபிலும் இதே கதை. ஐந்து வெடி சுட்டு, வேகத்தின் நியம விலகல் (வெடிக்கு வெடி வேகம் எவ்வளவு சிதறுகிறது என்ற அளவு) 10 அடி என்று கருவி காட்டினால் ஆட்கள் துள்ளிக் குதிப்பார்கள். உயர்தரத்தில் புள்ளிவிபரம் படித்தவர் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள், ஐந்து அளவீட்டை வைத்து உண்மையான விலகல் 6க்கும் 29க்கும் இடையில் எங்கோ இருக்கிறது என்று மட்டும்தான் 95 சதவீத நம்பிக்கையோடு சொல்லலாம். இருபது வெடி சுட்டால் அந்த இடைவெளி 7.6 முதல் 14.6 வரை சுருங்கும். அப்போதுதான் ஒரு மருந்தை இன்னொன்றோடு ஒப்பிடுவதில் அர்த்தம் வரும்.

அதைவிட முக்கியம், முயல் தூரத்தில் இந்த வேக வித்தியாசம் பெரிதாக ஒன்றும் செய்யாது. 3,240 அடி வேகத்தில் போகும் 55 கிறெயின் சன்னத்தில் 30 அடி கூடிக் குறைந்தால் நூறு யாரில் ஒரு மில்லிமீற்றர்கூட மேல் கீழ் மாறாது. இருநூறு யாரில் நான்கு மில்லிமீற்றர் அளவு. ஆனால் பக்கவாட்டில் மணிக்கு 10 மைல் காற்று அடித்தால் அதே சன்னம் இருநூறு யாரில் சுமார் நான்கு அங்குலம், முந்நூறில் ஒன்பது அங்குலம் தள்ளிப்போகும். ஆனி, ஆடியில் நிலாவெளிப் பக்கம் கச்சான் எப்படி அடிக்கும் என்று தெரிந்தவர்களுக்கு 10 மைல் என்பது காற்றே இல்லை. கோதுக் கழுத்தைச் சீவி, பிரைமர் ஓட்டையைச் சுரண்டி, கோதுகளை எடை வாரியாகப் பிரித்து ஒரு கிழமையை வீணாக்குகிறவர் அந்த நேரத்தில் காற்றைப் படிக்கப் பழகினால் பத்து மடங்கு பலன்.

அந்தக் கழுத்துச் சீவல் எல்லாம் எங்கிருந்து வந்தது என்றால், மேசையில் வைத்துச் சுடும் போட்டிக்காரரிடமிருந்து. 1975இல் பால்மிசானோ, பின்டெல் என்ற இருவர் உருவாக்கிய 6 பிபிசி மாதிரி ரவைகளோடு சுடுகிறவர்கள் அவர்கள். சேம்பரையே இறுக்கமாக வெட்டி வைத்திருப்பார்கள், அங்கே கழுத்துச் சீவாமல் ரவை உள்ளே போகவே போகாது. கடையில் வாங்கிய சாதாரணத் துவக்கின் தாராளமான சேம்பரில் அதே சடங்கைச் செய்வதால் பித்தளைத் தூள் மட்டும்தான் மிஞ்சும். மச்சானிடம் நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: குழலுக்கு ஏற்ற சன்னம் இரண்டு மூன்று வகை வாங்கட்டும், ஒவ்வொன்றிலும் பத்து வெடிக்குக் குறையாமல் ஒரே தாளில் சுடட்டும், நல்ல ஒன்றைப் பிடித்ததும் நிறுத்தட்டும். குழலையும் ஆறவிட வேண்டும். 22-250 மாதிரிக் குழலைத் தொடர்ந்து சூடாக்கிச் சுட்டால் புரி தொடங்கும் இடம் அரித்துப்போகும், பிறகு அவர் அளந்து வைத்த தாவல் கணக்கும் பிழைத்துவிடும்.

சரி, கந்தளாய்க்கு வருவோம்.

அங்கே மச்சானுக்கு நடுநெருப்பு (பிரைமர் கோதின் அடி நடுவில் இருக்கும்) றைபிளுக்கான பி பிரிவு உரிமம் இருக்கும். 1996இல் போர்ட் ஆர்தர் படுகொலைக்குப் பிறகு அவுஸ்திரேலியாவில் சட்டம் இறுகியது. என்ன காரணத்துக்குத் துவக்கு வேண்டும் என்று காட்டித்தான் அவர் அதை வாங்கியிருப்பார். நமக்கு 1916இன் துப்பாக்கிச் சட்டமும் 1956இன் வெடிபொருள் சட்டமும் இருக்கின்றன. பயிர்ப் பாதுகாப்புக்கென்று கச்சேரி வழியாக அனுமதிப்பத்திரம் எடுக்கும் விவசாயிக்குக் கிடைப்பது வழமையாக 12 போர் துவக்கு. அனுமதியில்லாமல் மருந்தோ பிரைமரோ வீட்டில் வைத்திருப்பதே குற்றம். நம் மாவட்டத்தில் ஒரு வெற்றுக் கோது முற்றத்தில் கிடந்தாலே பதில் சொல்ல வேண்டியிருந்த வருடங்களைப் பார்த்தவர்கள் நாம். மேசை போட்டு ரவை செய்வதைப் பொழுதுபோக்கு என்று யாருக்கும் விளங்கப்படுத்த ஏலாது.

சட்டத்தை ஒரு பக்கம் வைத்தாலும் அது பொருந்தாத ஆயுதம். நம் வயலில் பன்றி வருவது இரவில், காவல் குடிலிலிருந்து இருபது முப்பது யாரில். அந்தத் தூரத்தில் ஐந்து ரூபாய்க் குற்றித் துல்லியத்தால் என்ன லாபம்? முயலுக்கென்று செய்த மெல்லிய சன்னம் பன்றியின் தோளில் பட்டால் மேலேயே உடைந்துவிடும். காயப்பட்ட பன்றி பற்றைக்குள் போய் நிற்கும், விடிந்ததும் தேடிப் போகிறவர் பாடு என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை. தவறிய சன்னம் இரண்டரை கிலோமீற்றர் தாண்டியும் போகும். தம்பலகாமம், கந்தளாய் வெளியில் இரண்டரை கிலோமீற்றருக்குள் எத்தனை வீடு, எத்தனை குளக்கட்டு, எத்தனை பேர் சைக்கிளில் போகிற வாய்க்கால் வீதி!

குரங்கு விசயம் இன்னும் சிக்கல். 2025 மார்ச் 15 காலை 8 மணிக்கு ஐந்து நிமிடம் நாடு முழுக்கக் குரங்கு, மயில், மர அணில் எண்ணியது நினைவிருக்கும். அந்தக் கணக்கைப் பார்த்துப் பலர் சிரித்தார்கள், ஆனால் எண்ண வேண்டிய நிலைக்கு வந்துவிட்டோம் என்பது சிரிப்பு இல்லை. ஒரு கூட்டத்தில் ஒன்றைச் சுட்டால் மற்றவை அடுத்த தோட்டத்துக்குப் போய்ப் பின்னேரம் திரும்பி வரும். பன்றிக்கு இன்றைக்கும் வேலை செய்வது நல்ல வேலிதான். அதிலும் துடிப்பு மின்சாரம் விடும் முறையான கருவி வைத்த வேலி. வீட்டு மின்சாரத்தை நேரடியாகக் கம்பியில் கொடுப்பவர்கள் பன்றியை விட மனிதரைத்தான் அதிகம் பயமுறுத்துகிறார்கள். அதையும், கட்டுத்துவக்கையும், யானைக் கன்றுகளின் தாடையைச் சிதைக்கும் வாய்வெடியையும் யாராவது யோசனையாகச் சொன்னால் காது கொடுக்காதீர்கள். மூன்றும் சட்டவிரோதம், மூன்றும் யாரைக் கொல்லும் என்று தெரியாதவை.

மூன்றாவது கேள்வி. மச்சான் வரும்போது கோதை டைக்குள் அழுத்தும் பிரஸ், டை, கோது, சன்னம் ஒன்றும் வேண்டாம். மருந்தும் பிரைமரும் விமானப் பெட்டியில் வைக்கவே கூடாத பொருட்கள், மற்றவை கட்டுநாயக்கவில் எக்ஸ்ரேயில் தெரிந்தால் விடுமுறையின் முதல் நாள் விசாரணையில் போகும். சுடும் உடுப்பை அணிந்துகொண்டு வரவும் வேண்டாம், வெடித் தூள் தடத்தைத் துணியால் துடைத்துப் பார்க்கும் கருவிகள் விமான நிலையங்களில் இருக்கின்றன. பைகளின் மூலைகளைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், வேட்டைக்குக் கொண்டுபோன பையில் ஓரிரு ரவை தங்கிவிடுவது சர்வசாதாரணம். ஏதாவது கொண்டுவர வேண்டும் என்று ஆசைப்பட்டால் அந்த ஊர்ப் பண்ணைக் கடையில் சூரிய ஒளியில் ஓடும் மின்வேலிக் கருவி கிடைக்கும். வாங்கும் முன் சுங்கத்தில் என்ன வரி என்று கேட்டுக்கொள்ளட்டும், பற்றரியைக் கழற்றிக் கைப்பையில் வைப்பதா, இங்கே வாங்கிக்கொள்வதா என்று விமானக் கம்பனியிடமும் கேட்கட்டும்.